ருபார்ப் பாத்திக்கு ஒரு வண்டி

"எங்க போறதுக்கு வண்டி வேணும், கண்ணு?" என்று கிளைவ் கேட்டான்.

"எல்லா இடத்துக்கும்தான்" என்றாள் ஏவிஸ் தோர்லி.

பின்னால் நடந்த அத்தனை கூத்துக்கும் அந்த ஒரு பதில்தான் காரணம். கிளைவ் கெட்டிக்காரன். ஸ்கெல்பி கடற்கரைச் சாலையில், மீன் வறுவல் கடைக்கு அடுத்தாற்போல, கால் முடியாதவர்கள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி வண்டிகளைப் பதினைந்து வருஷமாக விற்கிறான். பேத்தியையும் பாதிரியாரையும் ஒரே மாதிரி 'கண்ணு' என்றுதான் அழைப்பான். எங்கே போகணும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த வண்டியையும் தொட்டுக்கூடக் காட்டமாட்டான். ஆனால் வாயைத் திறக்காத ஆளிடம் அவன்தான் என்ன செய்வான்?

ஏவிஸின் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. தோட்டச் சங்கத்திலிருந்து வந்தது. ஊருக்கு வெளியே, மாட்டு மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, சங்கத்துக்கு நாற்பது பாத்திகள் உண்டு. ஆளுக்கு ஒன்றாக வாடகைக்கு எடுத்துப் பயிர் வைப்பார்கள். பதினாலாம் பாத்தி ஏவிஸுடையது. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை குழு பார்வையிட வரும்போது முக்கால் பங்கு நிலமாவது கொத்திப் பயிரிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதம் மிகுந்த மரியாதையோடு சொன்னது. வரிசையில் இருபத்து மூன்று பேர் நின்றார்கள். இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

ஏவிஸின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. இதயம் இருக்கிற நிலையில் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். முக்காலி போட்டு உட்கார்ந்தால் இன்றைக்கும் நாள் முழுக்கக் களை பறிப்பாள். அந்த முக்காலிவரை போய்ச் சேருவதுதான் முடியவில்லை. தபால் பெட்டிவரை நடந்தாலே மூச்சு வாங்கியது. இதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. தோட்டச் சங்கத்துச் செயலாளர் லயனல் கிராப்ட்ரீ கடையில் பார்த்து, "என்ன, பாத்திப் பக்கமே காணோம்?" என்று கேட்டபோதுகூட, "கொஞ்சம் வேலை ஜாஸ்தி" என்று சிரித்து மழுப்பிவிட்டாள். அந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். கால் ஒடிந்து கிடந்தாலும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள்.

"பெரிசா ஒண்ணு வாங்கி என்ன பண்ணப் போறே? ஊர்வலம் போகப் போறியா?" என்றாள் கூட வந்த தெல்மா.

தெல்மா ஏவிஸின் நாத்தனார். செத்துப்போன கணவன் டெஸ்ஸின் அக்கா. எழுபத்து மூன்று வயதிலும் குத்துக்கல் மாதிரி நிமிர்ந்து நடப்பாள். கூப்பிடாமலே வந்தாள், கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டாள். தம்பியை அடக்கம் செய்த அன்றுகூட ஏவிஸைக் கட்டிக்கொள்ளவில்லை. கையைக் குலுக்கிவிட்டு சாண்ட்விச் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"நான் முப்பத்தோரு வருஷம் ஒம்பதாம் நம்பர் பஸ் ஓட்டினவ" என்றாள் ஏவிஸ். "எனக்கு வண்டி பத்திப் பாடம் எடுக்க வேணாம்."

கடையில் சின்னதாக மூன்று சக்கர வண்டி இருந்தது, கழற்றிக் காரில் வைக்கலாம். நடுத்தரமாக நாலு சக்கர வண்டி இருந்தது, நடைபாதையில் நாலு மைல் வேகத்தில் போகும். ஏவிஸின் கண் இரண்டையும் தாண்டி ஓரத்தில் நின்ற சிவப்பு வண்டியில் போய் நின்றது. சாலையிலேயே எட்டு மைல் வேகத்தில் போகிற ஜாதி. இரண்டு பக்கமும் கண்ணாடி, திரும்பும்போது மினுக்கும் விளக்கு, ஹாரன். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸும் அதே சிவப்புதான்.

கிளைவ் தாடையைத் தடவினான். "வாங்கிட வேணாம், கண்ணு. ஒரு வாரம் சும்மா ஓட்டிப் பாருங்க. அதுக்கு முன்னாடி வாசக்கதவு, பக்கத்துச் சந்து, ஷெட்டு, எல்லாத்தையும் அளந்துட்டு வாங்க. அப்புறம் ஒண்ணு. இதுல பிரேக் கிடையாது. கைப்பிடிய அமுக்கினா போகும், விட்டா நிக்கும். அவ்வளவுதான்."

"விட்டா நிக்கும். புரிஞ்சுது" என்றாள் ஏவிஸ், பாதி காதில் வாங்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் நாடாவை எடுத்து வாசல்கதவை அளந்தாள். சந்தை அளந்தாள், ஷெட்டை அளந்தாள், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற ஷெட்டில் பிளக் இருக்கிறதா என்றும் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. மறுநாளே சிவப்பு வண்டி வந்து இறங்கியது.

வண்டி வந்த மறுநாள் காலை ஏவிஸ் கிளம்பினாள். முன்கூடையில் மண்வெட்டியும் தேநீர்க் குடுவையும் இருந்தன. எட்டு மாதம் கழித்து, யார் துணையும் இல்லாமல் கிளம்பியவள் முகத்தில் கடற்காற்று பட்டது. நூலகத்தைத் தாண்டும்போது அவளுக்குப் பாடவேண்டும் போல இருந்தது. ஒரு விஷயம் மட்டும் சொல்லியாக வேண்டும்: பஸ் நிறுத்தம் வந்த இடத்திலெல்லாம் கை தானாக வண்டியை ஓரம் கட்டியது. தேவாலயத்து நிறுத்தத்தில் காத்திருந்த ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு, "ஒம்பதாம் நம்பரா? ஏறிக்கலாமா?" என்று கேட்டார். ஏவிஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

மண்பாதையில் வண்டி மேடு பள்ளத்தையெல்லாம் அநாயாசமாகத் தாண்டியது. தூரத்தில் பதினாலாம் பாத்தி தெரிந்தது. அங்கே புளிப்புத் தண்டுக்காக வளர்க்கும் ருபார்ப் செடியின் இலைகள் குடை குடையாக விரிந்து, அடியில் சிவந்த தண்டுகளோடு, வெட்டுவார் இல்லாமல் நின்றன. டெஸ் கல்யாணத்துக்கு முன்னால் நட்ட கிழங்கு அது. ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் தண்டை வெட்டிச் சர்க்கரையில் தோய்த்துப் பச்சையாகவே அவளுக்கு ஊட்டுவான். அதை வேறு யாராவது பிடுங்கி எறிவதை ஏவிஸால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் எதிரே முத்தக் கதவு வந்தது.

மேய்ச்சல் நிலம் முடிந்து தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் அரைவட்டக் கூண்டும், அதற்குள் இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு சின்னக் கதவும் இருக்கும். மனுஷன் உள்ளே புகுந்து, கதவைத் தள்ளி, வளைந்து வெளியேறலாம். மாட்டால் முடியாது. முதலில் போகிறவர் கதவைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவரிடம் முத்தம் வாங்கிவிட்டுத்தான் விடுவது வழக்கம். டெஸ் நாற்பது வருஷமாக அந்தக் கட்டணத்தை வசூலித்தவன். மழை பெய்தாலும் விடமாட்டான். சண்டை போட்ட நாளில் இரண்டு மடங்கு கேட்பான்.

ஏவிஸ் வாசல்கதவை அளந்தாள், சந்தை அளந்தாள், ஷெட்டை அளந்தாள். வாழ்நாள் முழுக்க இடுப்பை ஒடித்து ஒடித்து நுழைந்த இந்தக் கதவை மட்டும் அளக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மூக்கை அளந்து பார்த்துவிட்டா மூச்சு விடுகிறோம்?

நிறுத்தவேண்டும் என்று நினைத்தாள். முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், வலது கால் பிரேக்கைத் தேடி வெறும் பலகையை ஓங்கி மிதித்தது. பதற்றத்தில் கை கைப்பிடியை இன்னும் இறுக்கியது. சிவப்பு வண்டி கூண்டுக்குள் பாதி புகுந்து, கண்ணாடி ஒன்றை முறித்துக்கொண்டு, ஆப்பு அடித்த மாதிரி சிக்கி நின்றது.

முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இறங்கலாம் என்றால் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. ஏழெட்டுக் காளைக் கன்றுகள் வந்து வட்டமாக நின்று வேடிக்கை பார்த்தன. ஒன்று தேநீர்க் குடுவையை நக்கியது. முப்பது கஜத்தில் ருபார்ப் தெரிந்தது. ஏவிஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

லயனல் கிராப்ட்ரீ வேலியின் உயரத்தை அளந்துகொண்டு அந்தப் பக்கமாக வந்தார். முன்னாள் வரி அலுவலர். சட்டைப் பையில் எப்போதும் சங்கத்து விதிப் புத்தகம் இருக்கும். ஏவிஸ் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சௌகரியம்தானே?" என்று கேட்டார் லயனல். கூண்டுக்குள் சிக்கியிருக்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

"பரவாயில்ல" என்று நாக்கு நுனிவரை வந்தது. கன்றுக்குட்டி குடுவையை இழுத்துக் கீழே போட்டது. ஏவிஸுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று.

"இல்ல, லயனல். ஒண்ணும் சௌகரியமா இல்ல. எட்டு மாசமா எனக்கு நடக்க முடியல. வேலை ஜாஸ்தின்னு சொன்னது பொய். அந்தப் பாத்திக்குப் போகணும், அது ஒண்ணுதான் எனக்கு வேணும். எப்படிப் போறதுன்னு தெரியல."

லயனலின் முகம் சிவந்தது. கீழே விழுந்த குடுவையை எடுத்துக் கூடையில் வைத்தார். பிறகு புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"விதி பதினொண்ணு" என்றார். "பாத்திக்குப் போக வழி பண்ணிக் குடுக்க வேண்டியது சங்கத்தோட பொறுப்பு. வழி இல்லாத பாத்திய நாங்க பார்வையிட முடியாது. பார்வையிடாத பாத்திய யாருக்கும் குடுக்கவும் முடியாது." புத்தகத்தை மூடினார். "இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, ஏவிஸ். அந்தக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்ல."

பிறகு நாலு பேரைக் கூட்டி வந்து வண்டியைப் பின்பக்கமாக இழுத்துப் போட்டார். வண்டி நுழைகிற மாதிரி கதவை மாற்றுவது என்று சங்கமும் முடிவு செய்தது.

செய்தி கேட்டுத் தெல்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்து நின்றாள். "அந்தக் கதவ மாத்தப் போறாங்களாமே. அது என் தம்பி நின்ன கதவுடி. அந்தச் சின்ன வண்டிய வாங்கித் தொலையேன், அது நுழையுமே."

ஏவிஸ் யோசிக்காமல் இல்லை. டெஸ்ஸின் கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன கம்பி அது, அவளுக்கும் அதை விட மனசில்லை. கிளைவ் சின்ன வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினான். முன்னும் பின்னும் நாலு தடவை நகர்த்தினால் கதவில் நுழைந்தது. ஆனால் மண்பாதையின் முதல் பள்ளத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிளைவ் தாவிக் குதித்துத் தப்பித்தான்.

"கதவுக்காக வண்டி வாங்கிக் குப்புற விழுந்தா, டெஸ் எந்திரிச்சு வந்து என்னைத் திட்டுவான்" என்றாள் ஏவிஸ். தெல்மா விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் போன் பண்ணவில்லை.

கிளைவ் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான். "எங்க போறதுக்கு வண்டி வேணும், கண்ணு?"

"ருபார்ப் பாத்திக்கு" என்றாள் ஏவிஸ். "முக்கால் மைல் போகணும், திரும்பி வரணும். கடைசி நூறு கஜம் மண்பாதை. கைவிரல் மரத்துப்போகும், ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிக்க முடியாது. இறங்கறப்ப சீட்டு பக்கவாட்டுல திரும்பணும்."

"இதத்தான் நான் அன்னிக்கே கேட்டேன்" என்றான் கிளைவ். நாலு சக்கர வண்டியை, அந்த நடுத்தரமானதை, உருட்டிக்கொண்டு வந்தான். சக்கரம் தடிமன், உடம்பு குறுகல், கைப்பிடியில் விரலுக்குப் பதில் உள்ளங்கையால் தள்ளலாம். நிறம் மட்டும் வெளிறிய பழுப்பு. ஏவிஸ் சிவப்பு வண்டியை ஒருமுறை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, பழுப்பில் ஏறி உட்கார்ந்தாள். கைப்பிடியை விட்டு நிறுத்துவதற்கு மட்டும் கடைக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் பழகினாள். கால் தரையை மிதிக்கும்போதெல்லாம் கிளைவ் "பஸ் இல்ல, கண்ணு" என்று சத்தம் கொடுத்தான்.

ஜூன் பாதியில் புதுக் கதவு தயாரானது. அதுவும் முத்தக் கதவுதான். ஆனால் கூண்டு பெரிது, வண்டி உள்ளே நின்று திரும்ப இடம் இருந்தது. பழைய கதவைக் கழற்றி லயனல் பதினாலாம் பாத்தியில் அவரைக்கொடி ஏற நட்டு வைத்திருந்தார். விதிப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏவிஸ் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் தெல்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் மண்வெட்டியோடு. ஏவிஸ் கைப்பிடியை விட்டாள், வண்டி நின்றது. பிறகு கூண்டுக்குள் வந்து திரும்பினாள். தெல்மா நகரவில்லை, கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளிக்கோ, தெல்மா."

"கட்டணம்" என்றாள் தெல்மா.

ஏவிஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியை இன்னும் ஓர் அடி முன்னால் நகர்த்தினாள். தெல்மா கம்பிக்கு மேலே வளைந்து கன்னத்தைக் காட்டினாள். நாற்பத்து நாலு வருஷத்து நாத்தனார், பவுடரும் பெப்பர்மின்ட்டும் மணக்கும் அந்தக் கன்னம் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று ஏவிஸுக்கு இதுவரை தெரியாது.

"சரி சரி, போ. பின்னால வரிசை நிக்குது" என்றாள் தெல்மா. பின்னால் காளைக் கன்றுகள்தான் நின்றன.

ருபார்ப் பூத்து, முற்றி, ஆள் உயரத்துக்கு விதைத்தண்டு விட்டுப் பார்க்கச் சகிக்காமல் நின்றது. பாத்தி முழுக்கக் களை. ஒரு மாதத்து வேலை இருந்தது. ஏவிஸுக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது. வண்டியைப் பாத்தி ஓரமாக, சரியாக ஒரு முழம் விட்டு, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, சீட்டைத் திருப்பினாள்.

"தெல்மா" என்றாள், "எனக்கு இறங்க முடியல. கை குடு."