காஜா இல்லாத சட்டை

என் அம்மா ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு சட்டை அவள் கைக்கு வரும். தையல் விட்டிருந்தாலோ கறை பட்டிருந்தாலோ, அந்த இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். ஐந்து மணிக்கு வேலை முடிந்துவிடும், ஒட்டுவது மட்டும் வீட்டிலும் நிற்காது. கழுவாத டம்ளரில் அம்பு, மூடாத ஷாம்பு பாட்டிலில் அம்பு. ஒரு ஞாயிறு மதியம் குறட்டை விட்ட அப்பாவின் மூக்கிலும் ஒட்டினாள். அவர் எழுந்து அதோடு கடைக்குப் போய்விட்டு வந்து, "இன்னைக்கு எல்லாரும் என்னைப் பாத்து சிரிச்ச முகமாவே இருந்தாங்க" என்றார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ஐந்து வயதில் ஒரு ஸ்டிக்கரை உரித்து, கீழுதட்டுக்குக் கீழே இருக்கும் என் மச்சத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, "இதச் சரி பண்ணிக் குடும்மா" என்று போய் நின்றேனாம். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு செல்போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களை நம்பாதீர்கள் என்று தினமும் நாற்பது பேருக்காவது தட்டச்சு செய்கிறேன். என்னை ஏமாற்ற இனிமேல்தான் ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தக்காளி வந்தான். இணையத்தில் பால்கனித் தோட்டக் குழு ஒன்றில் அவனுக்கு அதுதான் பெயர். என் செடி வாடியபோது, "தண்ணி ஊத்துறத நிறுத்துங்க, அது செடி, மீன் இல்ல" என்று எழுதினான். செடி பிழைத்தது, நான் விழுந்தேன். ஐந்து மாதம் எழுத்திலேயே ஓடியது. பேக்கரியில் வேலை என்றான். முகம் பார்த்துப் பேசலாம் என்றால் மட்டும் கேமரா உடைந்திருக்கிறது என்பான். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருவதாகச் சொல்லி ஒரு படம் அனுப்பினான். கோடு போட்ட சட்டை, அடர்ந்த முடி, அழகான சிரிப்பு. கல்யாணமே நிச்சயமானதுபோல அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கினாள். முகம் திரையை விட்டு வெளியே போய், சட்டை மட்டும் நின்றது.

"பட்டன் அஞ்சு இருக்கு. காஜா எங்கடி?"

"என்னம்மா?"

"பட்டன மாட்ட ஓட்டை வேணும்ல? இதுல பட்டனுக்கு எதிர்லயும் பட்டன்தான் இருக்கு." திரையில் ஓர் அம்பு ஒட்டினாள். "பாக்கெட்டுல கோடு பாதியில நிக்குது." இன்னொன்று. "காலர்ல தையலே இல்ல." மூன்றாவது. "இந்தச் சட்டைய எந்த மிஷினும் தைக்கல."

"மனுஷனப் பாரும்மா!"

"மனுஷனப் பத்தி எனக்கென்ன தெரியும்? இருவத்தஞ்சு வருஷமா சட்டையத்தான் பாக்குறேன்."

சண்டை போட்டுவிட்டு அறைக்குள் போனேன். ஆனால் கண் பட்டன்களை விட்டு நகர மறுத்தது. அம்மா சொன்னது சரி. கம்ப்யூட்டர் வரைந்த படம். ஐந்து மாதமாக யாரிடம் பேசினேன்? ஆணா, பெண்ணா, நாலு பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தட்டுகிறார்களா? "நீ பொய். உன் சட்டையும் பொய்" என்று அனுப்பிவிட்டு, பதில் வருமுன் அவனை பிளாக் செய்தேன். தலையணையை நனைத்தேன்.

மறுநாள் காலை வீங்கிய கண்ணோடு அடுப்படியில் போய் நின்றேன். "நீ ரிஜெக்ட் பண்ணிட்ட, நானும் பண்ணிட்டேன். திருப்திதானே?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் எப்படி ரிஜெக்ட் பண்ணேன்?"

"மூணு அம்பு ஒட்டினியே!"

"அட கூறு கெட்டவளே! ரிஜெக்ட்டுன்னா அம்பு எதுக்கு? பீஸைத் தூக்கி அந்தப் பக்கம் வீசிட்டுப் போய்கிட்டே இருப்பேன். அம்பு ஒட்டினா ஆல்டர். இந்த எடத்தப் பாரு, கேளு, சரி பண்ணுன்னு அர்த்தம். நீ கேட்டியா?"

கேட்கவில்லை. இத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் ஓர் அம்புக்கு அர்த்தம் தெரியவில்லை. பிளாக்கை எடுத்து, "அந்தச் சட்டை ஏது?" என்று மட்டும் எழுதினேன். பதில் உடனே வந்தது.

"படம் திருத்துற ஆப் ஒண்ணு போட்டது. பேக்கரியில எப்பவும் மாவு பனியன்தான், நல்ல படம் ஒண்ணுகூட இல்ல. முகம் என்னோடது. சட்டையும் முடியும் ஆப் குடுத்தது."

"முடியுமா?"

"முடியும்."

அம்மாவிடம் காட்டினேன். "முடி என் டிபார்ட்மெண்ட் இல்ல. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு" என்றாள்.

வந்தான். தலை பளபளவென்று இருந்தது. கையில் ஒரு தக்காளித் தொட்டி. புதுச் சட்டையில் பதற்றத்தில் ஒரு பட்டனைக் காஜா மாற்றி மாட்டியிருந்தான். "இது நெசச் சட்டைதான்" என்று அம்மா என் காதில் சொன்னாள். சிரிப்பு மட்டும் படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. எனக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா அப்படிப் பாக்குற?" என்றாள் அம்மா.

"இல்லம்மா... இவங்க அனுப்பின படத்துல இந்த மச்சம் இல்ல."

"எந்தப் படம்?"

அவன் போனை நீட்டினான். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. முதல் வாரமே, மச்சத்தை ஒரே விரலால் தேய்த்து அழித்துவிட்டு அனுப்பிய படம் அது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். ஐந்து வயதுக் கதையைச் சொல்லிச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இடுப்பிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, திரையில் என் கீழுதட்டுக்குக் கீழே சரியாக ஓர் அம்பு ஒட்டினாள்.

"இங்க ஒண்ணு விட்டுப்போச்சு. நான் பெத்த பீஸு, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவனை நான் பொய் என்று சொன்னதுபோல என்னை யாரும் சொல்லவில்லையே என்பதால் இன்னும் வெட்கமாக இருந்தது. "அந்தப் படத்த அழிச்சிடுங்க" என்றேன் தக்காளியிடம். "இப்ப ஒண்ணு எடுங்க. மச்சத்தோட."

அவன் சந்தோஷமாகப் போனைத் தூக்கி என்னைக் குறிபார்த்தான்.

"தம்பி, கேமரா உடைஞ்சிருக்குன்னு சொன்னியாமே?" என்றாள் அம்மா, அடுத்த ஸ்டிக்கரை உரித்தபடி.

தக்காளி தன் வழுக்கைத் தலையைக் குனித்துக் காட்டினான். ஒட்ட இடத்துக்கா பஞ்சம்.