கடைசி வரிசை மனைகள்

அப்பாவின் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் துணியை முடிந்துகொண்டிருந்தபோது இசைவாணியின் போன் அடித்தது. முடிச்சு நழுவிவிடாமல் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மறு கையால் எடுத்துப் பார்த்தாள். யூனுஸ் சார். தஞ்சாவூரில் அவள் மனை வரைபடம் போடும் அலுவலகத்தின் இன்ஜினியர். அணைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பழக்கம் விடவில்லை, காதில் வைத்தாள்.

"வாணி, நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்‌ஷன் போட்டுட்டாங்கம்மா. உங்கப்பா நிலத்துக்குத்தான். பிளான் ரெண்டு செட்டு எடுத்து வச்சிரு."

"சார், அப்பா இறந்துட்டாரு. விடியக்காலைல."

அவர் "இன்னா லில்லாஹி" என்று முணுமுணுத்தார். தேதியை மாற்றிக் கேட்கட்டுமா என்றார். அண்ணனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். அதற்குள் துணி தளர்ந்து மருதையனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஏதோ கிண்டல் சொல்ல வந்தவர் மாதிரி இருந்தார். அவள் முதலிலிருந்து கட்டினாள்.

மருதையன் நோயென்று படுத்தவரில்லை. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், மனைவி ராசம்மாள் சொம்பைக் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். அடுத்தவர் வயலில் நட்டு அறுத்த குடும்பத்தில் முதன்முதலாகத் தன் பெயரில் பட்டா வாங்கியவர் அவர். அந்த நிலமும் சுடுகாட்டுக்குப் பக்கம் என்பதால்தான் அவருக்குக் கிடைத்தது. வேறு யாரும் அதைச் சீந்தவில்லை. "பொணம் எரியிற அன்னிக்கி ராத்திரியிலயும் நாத்துக்கட்டு எண்ணலாம், கரண்டு பில்லு கெடையாது" என்று சொல்லிச் சிரிப்பார்.

பிறகு புறவழிச் சாலை வந்தது. யாரும் சீந்தாத நிலத்தைக் காரில் வந்து பார்த்தார்கள். மகன் சேரன் மனை போடலாம் என்றான். மருதையன் யோசிக்கவே இல்லை. "போடு. செத்தவன் பக்கத்து வீட்டுக்காரன்னா சண்ட சச்சரவு வராது" என்றார்.

வயலை மனையாக்குவது பேச்சில் சுலபம். பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், வாய்க்காலை ஒட்டியிருப்பதால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று என்று பூமாதேவி ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். படத்தில் சாலைகள் விதிப்படி அகலமாக இருக்க வேண்டும். பூங்காவுக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் சுடுகாடு இருந்தால், அங்கிருந்து தொண்ணூறு மீட்டருக்குள் வீட்டு மனை கூடாது. பயன்பாட்டில் இல்லாத சுடுகாடு என்றால் அந்தத் தொல்லை இல்லை.

ஊருக்கு இரண்டு சுடுகாடுகள். இது இவர்கள் தெருவினுடையது. தஞ்சாவூர் மின்மயானத்து வேன் வாசலுக்கே வந்து ஏற்றிப்போகத் தொடங்கியதிலிருந்து இங்கே யாரையும் எரிக்கவில்லை. தரை தெரியாமல் கருவை மண்டிவிட்டது. பயன்பாட்டில் இல்லை என்று ஊராட்சியில் கடிதம் கேட்டார்கள். மற்ற சான்றுகளுக்கு மாதக்கணக்கில் அலைந்த சேரனுக்கு இந்த ஒன்று மட்டும் அன்றைக்கே கிடைத்தது. இவர்கள் தெருவுக்கு ஒன்று இல்லை என்று எழுதித்தர யாருக்கும் கை வலிக்கவில்லை. அதை வைத்து இசைவாணி படத்தில் சுடுகாட்டைச் சின்னக் கட்டமாக வரைந்து, உள்ளே சாய்கோடுகள் போட்டு, 'பயன்பாட்டில் இல்லை' என்று எழுதினாள். எழுதியபோது அது உண்மைதான். வாய்க்கால் ஓரமாகக் கடைசி வரிசை மனைகள் வந்தன. அதில் மூலை மனை சேரனுக்கு. பூதலூரில் வாடகை வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளோடு முட்டிக்கொண்டிருந்தவன், அந்த மூலையில் வாசற்படி எங்கே வரும் என்பது வரைக்கும் முடிவுசெய்திருந்தான்.

இன்ஸ்பெக்‌ஷன் பற்றிச் சொன்னதும் சேரன் அவளைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனான்.

"தள்ளிப் போட்டா அடுத்த தேதி எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? ஏற்கெனவே ரெண்டு தடவ ஃபைல திருப்பி அனுப்பிட்டாங்க. வரட்டும். ஆனா அப்பாவ மின்மயானத்துக்குத்தான் கொண்டு போவணும். வேனுக்குச் சொல்லிட்டேன்."

ராசம்மாள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"வேனும் வேணாம் ஒண்ணும் வேணாம். இந்தத் தெருவுல எந்தச் சாவு விழுந்தாலும் கடைசிக் கட்ட வேவுற வரைக்கும் அந்தக் கரையில நின்னுட்டு வந்த மனுசன். அவர ஒரு பொட்டிக்குள்ள தள்ளி பட்டன அமுக்கப் போறீங்களா?"

"அம்மா, அங்க எரிச்சா நாளைக்கி ஃபைலு போச்சு. கடைசி வரிசையே போயிடும். அப்பாவே இருந்தாலும் வேனுலதான் போவச் சொல்லுவாரு."

"அவருதான் இல்லியே" என்றாள் ராசம்மாள்.

சேரன் தங்கையைப் பார்த்தான். "நீயே சொல்லு. படம் போட்டவ நீதானே."

மின்மயானம் என்றால் பெண்களும் வேனில் போகலாம். அந்த இரும்புக் கதவு வரைக்கும் அவள் கூடப் போயிருக்கலாம். இங்கே என்றால் தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட வேண்டும். அவளுக்குக் கதவு வரைக்கும் போக ஆசையாகத்தான் இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா சொல்ற எடத்துக்கே கொண்டு போங்கண்ணே."

"அப்ப இன்ஸ்பெக்‌ஷன்?"

"அத நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. சேரன் தனக்குத் தோதாக அர்த்தம் செய்துகொண்டு, வேனை வேண்டாமென்று சொல்லப் போனான்.

மத்தியானமே கருவையை வெட்டி வழி செய்தார்கள். விறகும் வறட்டியும் டிராக்டரில் போயின. வெயில் தாழப் பாடை கிளம்பியது. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அழுதுகொண்டே வந்த பெண்கள் அங்கே நின்று, அழுகையை முடித்துக்கொண்டு திரும்பினார்கள். இசைவாணியும் திரும்பினாள். வீட்டைக் கழுவிவிட்டு, குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு கொல்லையில் நின்றபோது புகை தெரிந்தது. காற்று வாய்க்கால் பக்கம் அடித்ததால் அது தெருவுக்கு வரவில்லை.

மறுநாள் சாம்பல் அள்ளும் காடாத்தை விடிந்ததுமே முடித்துவிட்டார்கள். மொட்டைத் தலையோடு சேரன் வந்தான். கையில் அப்பாவின் எலும்புகள் இருந்த கலயம், அதன் வாயைத் துணியால் கட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே பேசினான்.

"சாம்பல அள்ளி வாய்க்கால்ல விட்டாச்சு. மேல மண்ணு தூவியாச்சு. பாத்தா ஒண்ணும் தெரியாது. அந்த ஆபீசரு கேட்டா பழைய லெட்டர காட்டு, அது போதும். நான் திருவையாத்துக்குப் போயி இத ஆத்துல கரைச்சிட்டு வந்துடறேன்."

அவனை ஏற்றிக்கொண்டு வாடகைக் கார் போனதும் இசைவாணி படச்சுருளை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்கடி கெளம்பிட்ட? பொம்பள அங்க போவக் கூடாது" என்றாள் ராசம்மாள்.

"ஆபீஸ் வேலம்மா."

ராசம்மாள் படச்சுருளைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்படின்னா, அவருக்குத் தல எந்தப் பக்கம் வச்சாங்கன்னு பாத்துட்டு வா. இவனுவ அவசரத்துல என்னா செஞ்சானுவளோ."

நகரமைப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரியின் பெயர் அம்ருதா. சின்ன வயது. கால்களில் ஷூ, தலையில் தொப்பி. படத்தை ஜீப்பின் பானட்டில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். சாலை அகலத்தை அளக்கச் சொன்னாள். திருப்பங்களில் மூலையைச் சாய்த்து வெட்டியிருப்பதைச் சரிபார்த்தாள். நடுவில் பூங்காவுக்கு விட்ட இடத்தைச் சுற்றி வந்தாள். எல்லாம் படத்தில் உள்ளபடியே இருந்தன. யூனுஸ் சாருக்கு முகம் தெளிந்தது.

கடைசி வரிசைக்கு வந்ததும் அவள் நின்றாள். வேலிக்கு அப்பால் வெட்டிய கருவைக் கிளைகளில் இன்னும் இலை வாடவில்லை. ஈர மண்ணில் இரண்டு மைனாக்கள் எதையோ கொத்திக்கொண்டிருந்தன.

"இந்த பரியல் கிரவுண்ட் பயன்பாட்டில் இல்லைன்னு போட்டிருக்கீங்க. இப்பவும் அப்படித்தானா?"

யூனுஸ் சார் ஃபைலைத் திறந்து ஊராட்சிக் கடிதத்தைத் தேடினார். தேடியபடி இசைவாணியைப் பார்த்தார். கடிதம் மேலாகத்தான் இருந்தது. அவள் அதை எடுத்து நீட்டினால் போதும்.

"இல்லங்க மேடம், யூஸ்ல இருக்கு" என்றாள் இசைவாணி.

"லெட்டர்ல இல்லைன்னு இருக்கே?"

"லெட்டர் வாங்குறப்ப இல்ல. நேத்து எரிச்சாங்க."

"யாரு?"

"எங்கப்பா."

அம்ருதா தொப்பியைக் கழற்றினாள். யூனுஸ் சார் ஃபைலை மூடினார். 

"இன்னைக்குப் போய் நீங்க ஏன் வந்தீங்க?"

"மனைக் கல்லெல்லாம் எங்க நட்டிருக்குன்னு எனக்குத்தான் தெரியும் மேடம்."

"அப்படின்னா தூரம் அளக்கணும்" என்ற அம்ருதா தயங்கினாள். "வேற ஒரு நாள் வந்துகூட..."

"வேணாம் மேடம். இப்பவே அளந்துடலாம்."

இசைவாணி நூறு மீட்டர் டேப்பின் முனையை வாங்கிக்கொண்டாள். உருளையை யூனுஸ் சார் வைத்துக்கொண்டார். வேலியைத் தாண்டும் முன் செருப்பைக் கழற்றிவிட்டாள். பிறந்ததிலிருந்து இதே ஊர்தான், இந்த இடத்தில் கால் வைத்ததில்லை. படத்தில் அவள் வரைந்த கட்டத்தைவிடப் பெரிதாக இருந்தது. தூவியிருந்த மண்ணுக்குக் கீழே சூடு இன்னும் ஆறவில்லை. தெற்குப் பக்கம் உடைத்த தேங்காய் ஓடும், மைனாக்கள் விட்டுவைத்த நவதானியமும் கிடந்தன. தலைமாட்டில்தான் அதையெல்லாம் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தெற்கேதான் தலை. அம்மாவிடம் சொல்லலாம்.

மனைகளும் தெற்கில்தான். அளவு தலைமாட்டிலிருந்து தொடங்க வேண்டும். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேப்பின் வளையத்தை அந்த மண்ணில் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

யூனுஸ் சார் டேப்பை விட்டுக்கொண்டே நடந்தார். மூலை மனையின் கல்லைத் தாண்டினார். அதற்குப் பின்னாலிருந்த சாலைவரைக்கும் போய், தொண்ணூறு விழுந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"கடைசி வரிசை மொத்தமும் உள்ள வந்துடுது மேடம்!"

அம்ருதா படத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள். "அந்த வரிசையில வீடு வராது. பூங்காவை இந்தப் பக்கம் மாத்தி, திருத்தின பிளானைக் குடுங்க. நடுவுல இருக்கறதை மனையா ஆக்கிக்கலாம்."

அப்படிச் செய்தாலும் சேரனின் மூலை மனை திரும்ப வராது. சாயங்காலம் சேரன் ஆற்றிலிருந்து வருவான். அவன் தன்னோடு இனிமேல் பேசுவானா என்று நினைத்தபோது இசைவாணிக்குப் பயமாகத்தான் இருந்தது. கையை எடுக்கவில்லை.

"குறிச்சாச்சு வாணி. விட்டுடும்மா, நான் சுத்திக்கறேன்" என்று தூரத்திலிருந்து யூனுஸ் சார் கத்தினார்.

டேப் தளர்ந்து புல்லில் படுத்தது. அவள் அதை இழுத்து விறைப்பாக்கினாள்.

"இன்னொரு தடவ பாத்துக்கங்க சார்."

யூனுஸ் சார் அவளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உருளையைத் தரையில் வைத்துவிட்டு, மறுபடி குனிந்தார்.