வெயில் போதாத மலை

மாரமங்கலத்துக்கு மேலே, ஆராயியின் பொட்டல் காட்டில், கம்பிவேலிக்குள் ஒரு கருவி நின்றது. இடுப்புயரக் கம்பம், அதன் தலையில் கவிழ்த்துவைத்த கிண்ணம் போல இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், பக்கத்தில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டி. அந்த இடத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று நிமிஷத்துக்கு நிமிஷம் அளந்து சென்னையிலிருக்கும் கம்பெனிக்கு அனுப்புவது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்வது மாதேஸ்வரனின் வேலை. ஜனவரியில் சேர்ந்தவன். வேலிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் படுக்கை, அடுப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் அவனுடைய ஆபீஸ்.

மலைக் கிராமங்களுக்காகச் சூரிய மின்சாரமும், அதைச் சேர்த்துவைக்கப் பெரிய பேட்டரியும் ஒரே இடத்தில் அமைக்க அரசு டெண்டர் விடப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. ஒரு வருஷம் வெயிலை அளந்து காட்டுகிற கம்பெனியால்தான் அந்தப் போட்டியில் நிற்க முடியும். நிலையம் வந்தால் உள்ளூர் ஆள் ஒருவனுக்கு நிரந்தர வேலை. அந்த ஆள் தான்தான் என்று மாதேஸ்வரன் முடிவு கட்டியிருந்தான். மல்லிகாவிடமும் சொல்லிவிட்டான்.

மல்லிகா அவன் மனைவி. நான்கு வருஷமாகத் திருப்பூரில் இருக்கிறாள். அவன் வேலை பார்த்த காப்பி எஸ்டேட் கைமாறி, புது முதலாளி காப்பிச் செடியைப் பிடுங்கி ரிசார்ட் கட்டத் தொடங்கியபோது, மகள் புவனாவைக் கூட்டிக்கொண்டு பனியன் கம்பெனிக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. இங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டாள். பின்னாடியே வருகிறேன் என்றான். போகவில்லை.

தினமும் காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து சிவரஞ்சனி கூப்பிடுவாள். கருவி அனுப்புகிற எண்களைப் பார்த்து மாதாமாதம் அறிக்கை எழுதுகிற பெண். சேலத்துக்காரி, ஹாஸ்டலில் தனியாக இருப்பவள்.

"அண்ணா, கண்ணாடி தொடச்சாச்சுங்களா?"

"ஆறரைக்கே தொடச்சுட்டனுங்க மேடம்."

"மேடம் வேண்டாம்னு எத்தன தடவைங்கண்ணா சொல்றது?"

"சரிங்க மேடம். இன்னைக்கு என்னங்க சேதி?"

ஆபீஸில் பெரியவர்களுக்காகத் தினமும் மின்சாரத் துறைச் செய்திகளை ஒரு பக்கத்துக்குத் தொகுத்துக் கொடுப்பதும் அவள் வேலைதான். அதை அவனுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுவாள். தெற்கே பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரிசாக நடுகிறார்களாம். பேட்டரிக்குத் தனிக் கொள்கை வருகிறதாம். இன்ன ஊரில் இன்ன கம்பெனி இத்தனை ஏக்கர் கேட்கிறதாம். பாதி அவனுக்குப் புரியாது. ஆனாலும் போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டான். அந்தப் பத்து நிமிஷத்தை விட்டால், அன்றைக்கு அவனோடு பேசுகிற ஆள் பெரும்பாலும் வேறு யாருமில்லை.

எப்போதாவது ஆராயி வருவாள். காட்டுக்குச் சொந்தக்காரி, மலைக்காரி, வாய் நீளம்.

"மாதேசு, உன்ற பேட்டரி வந்தா என்ற ஊட்டு மிக்சி ஓடுமா? இல்ல மரம் உழுந்து கரண்ட் போனா அதும் போயிருமா?"

"கரண்ட் போனாத்தானுங்க்கா அது வேலைக்கே வரும்."

"பரவால்லையே. மனுசங்கதான் கரண்ட் போனா திருப்பூருக்குப் போயிர்றாங்க."

அவன் சிரித்து வைப்பான். மழைக்காலத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் இருட்டில் கிடக்கிற ஊர் அது. ஆராயிக்கு அந்த பேட்டரி நிஜமாகவே வேண்டியிருந்தது.

ஜூனில் பனிமூட்டம் ஏறத் தொடங்கியது. பள்ளத்திலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, வேலியைத் தாண்டி, குமிழ்களின் மேல் முத்து முத்தாக நின்றது. மாதேஸ்வரன் பதினெட்டு வருஷம் எஸ்டேட் களத்தில் காப்பிக் கொட்டை காயவைத்தவன். மூட்டம் கண்ணில் பட்டால் களத்துக்காரன் யோசிக்கமாட்டான். கால் தன்னால் ஓடும். கொட்டையில் ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் மணம் கெட்டது, எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ரைட்டர் வாயில் விழ வேண்டியதுதான். கொட்டகையில் நீலத் தார்ப்பாய் ஒன்று இருந்தது. கருவிமேல் போட்டுக் கயிறு கட்டினான். விலை உயர்ந்த சாமான், நம்மை நம்பி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தான்.

களத்தில் இன்னொரு வழக்கம். மூட்டம் கலைந்ததும் தார்ப்பாயை எடுத்துவிடக் கூடாது. தரையின் ஈரம் காய்ந்து, வெளுத்த பிறகுதான் திறக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டு. அதையும் அவன் தவறாமல் செய்தான். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்க, கருவி நீலப் போர்வைக்குள் கிடந்தது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை.

கண்ணாடியைத் துடை, நிழல் விழாமல் பார் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் மூடாதே என்று சொல்லவில்லை. மழையில் நனையவென்றே செய்த கருவியை ஒருவன் மூடுவான் என்று யாருக்குத் தோன்றும்.

டிசம்பர் நடுவில் இன்ஜினியர் ஜெயபிரகாஷ் சேலத்திலிருந்து வேனில் வந்தான். கையில் ஸ்பானர் பை.

"கழட்டிரச் சொல்லிட்டாங்கண்ணா. வெயில் போதல. அடுத்த மாசம் டெண்டர், வேற மலையப் பாக்கறாங்க."

"போதலையாங்க?"

"காலைல நல்லாத்தான் இருக்குது. மத்தியானமானா விழுந்துருது. ஆறு மாசமா அப்படித்தான்."

மாதேஸ்வரன் நாற்காலியை அவனுக்குப் போட்டுவிட்டு டீக்குத் தண்ணீர் வைத்தான். மல்லிகாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அடுப்பை ஊதினான். தலையைத் தூக்கியபோது பள்ளத்தில் வெள்ளை தெரிந்தது. எழுந்தான், தார்ப்பாயை உதறினான், வேலிக்குள் போய்க் கருவியை மூடிக் கயிற்றை இழுத்துக் கட்டினான். திரும்பி வந்து டீத்தூள் போட்டான்.

ஜெயபிரகாஷ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தான்.

"என்னங்கண்ணா பண்ணுனீங்க இப்ப?"

"மூட்டம் வருதுங்களே."

"தினமும் இப்படித்தானா?"

"வந்தா மூடிருவனுங்க. ஒருநாளும் நனைய விட்டதில்ல."

ஜெயபிரகாஷ் மெதுவாக, திட்டாமல், அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று சொன்னான். திட்டியிருக்கலாம். மாதேஸ்வரனுக்கு அது இன்னும் லேசாக இருந்திருக்கும். டீ பொங்கி அடுப்பை அணைத்தது. இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

ஜெயபிரகாஷ் தள்ளிப் போய்ச் சிவரஞ்சனியோடு வெகுநேரம் பேசினான். பிறகு போனைக் கொண்டுவந்து நீட்டினான்.

"அண்ணா," என்றாள் அவள். "மாசாமாசம் மூட்டம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். எவ்வளவு மூட்டத்துலயும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். உங்க எண் பூஜ்யத்துக்கு வந்துச்சு. அப்பவே கேட்டிருக்கணும். தினமும் உங்ககூட பேசறேன், இத மட்டும் கேக்கல."

"தப்பு என்மேலதானுங்க."

"ரெண்டு பேரு மேலயும். அதனால சொல்றேன், இது மூட்டமாவே போயிரட்டும். தாராபுரம் பக்கம் புது சைட் வருது. திருப்பூர்லருந்து ஒரு மணி நேரந்தான். காவலுக்கு உங்க பேரத்தான் குடுத்திருக்கேன். நீங்க அங்க போயிருங்க. நான் எப்பவும் போல பத்து மணிக்குக் கூப்பிடறேன்."

அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூட்டம்னே எழுதுனா, இந்த மலைக்கு என்னங்க ஆகும்?"

"வெயில் போதாதுன்னு ஆகும். அறிக்கை அரசாங்கத்துக்கும் போகும். அப்பறம் வேற யாரும் இங்க வரமாட்டாங்க."

"மூடுனத சொன்னா?"

"இந்த டெண்டர் போச்சு. அடுத்த டெண்டருக்கு மறுபடி ஒரு வருஷம் அளப்பாங்க. வேற ஆள வெச்சு."

அவனுக்கு மலைமேல் பெரிய பாசம் ஒன்றும் கிடையாது. மலை அவனுக்கு ஒரு களத்தையும் ஒரு இருமலையும் கொடுத்தது. அதில் களத்தைப் பிடுங்கிக்கொண்டது. ஆனால் பதினெட்டு வருஷம் இந்த வெயிலில்தான் கொட்டை காய்ந்தது. ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்து இன்னும் எத்தனை வெயில் வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவன் அவன். வெயில் போதாது என்று ஒரு காகிதம் போகும். அதற்கு அவன் கை சாட்சி. தாராபுரத்தில் உட்கார்ந்து தினமும் பத்து மணிக்கு அதே பெண்ணோடு அதைப் பேசாமல் பேச வேண்டும்.

"மூடுனத எழுதிக்கச் சொல்றனுங்க மேடம்," என்றான்.

சொன்ன பிறகுதான் அவளுடைய வேலை ஞாபகத்துக்கு வந்தது.

"உங்களுக்கு என்னங்க ஆகும்?"

"தெரியலண்ணா," என்றாள். போன் நின்றது.

ஜெயபிரகாஷ் தாளை முழங்காலில் வைத்து எழுதினான். மாதேஸ்வரன் கையெழுத்துப் போட்டான்.

"இதுல உங்களுக்கு என்னங்கண்ணா கெடைக்குது?" என்று கேட்டான் ஜெயபிரகாஷ். கேலி இல்லை; நிஜமாகவே தெரியாமல் கேட்டான். மாதேஸ்வரன் தார்ப்பாயை அவிழ்த்து மடித்து அவனிடம் கொடுத்தான். ஜெயபிரகாஷ் கருவியைக் கழற்றாமல், ஸ்பானர் பையை வேனில் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அவனாகக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட அவனுக்கு முகம் இல்லை.

ஆராயிக்குச் செய்தி எட்டியது. வந்து வேலி ஓரம் நின்றாள்.

"சூரியனப் போட்டு மூடுனியாமா?"

"ஆமாங்க்கா."

அவள் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இன்னம் ரெண்டு மழைக்காலம் நான் இருட்டுல கெடக்கோணும், உன்னால," என்றாள். போய்விட்டாள். அந்தப் பக்கம் அப்புறம் வரவில்லை.

வியாழக்கிழமை புது ஆள் வந்தான். பக்கத்து ஊர் வாழவந்திக்காரன், பாலகுமார் என்று பெயர், பைக்கில் ஹெல்மெட்டோடு வந்தான். சாவியைக் கொடுக்கும்போது மாதேஸ்வரன் சொன்னான்: "மூட்டம் வந்தா மூடிராதீங்க."

"அத யாருங்க போயி மூடுவாங்க?" என்றான் பாலகுமார். அவனுக்கு விஷயம் தெரியாது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிவிட்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து மல்லிகாவைக் கூப்பிட்டான். அவளுக்குப் பின்னால் தையல் மெஷின்களின் சத்தம். எல்லாவற்றையும் சொன்னான். கைவிட்டுப் போன தாராபுரம் வேலையையும் சொன்னான். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

"ஒரு மணி நேரந்தானுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"புவனாகிட்ட வேற சொல்லி வெச்சிருந்தேன், அப்பாவுக்கு வேல நிரந்தரமாகுதுன்னு."

அவன் சாக்கின் கட்டை இன்னொரு தடவை இறுக்கினான்.

"மூட்டம்னே விட்டுட்டு வந்திருக்கலாமில்லீங்க."

"வெயில் இருக்குது மல்லிகா. நல்லா இருக்குது."

"இங்கயுந்தானுங்க இருக்குது," என்றாள் அவள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.