தாளிப்புக்குப் பயந்து கழற்றிய பேட்டரி

வெஸ்ட் வின்ட்சரில் முகுந்தும் விஷாகாவும் வாங்கிய வீடு தொண்ணூறு வருடம் பழையது. பேஸ்மென்டில் கேஸ் பாய்லர் தண்ணீரைச் சுடவைக்கும். அந்தத் தண்ணீர் குழாய்களில் ஏறி ரேடியேட்டர்களைச் சூடாக்கும். அதற்குப் பதிலாக விஷாகா வைக்க விரும்பிய ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றில் இருக்கும் சொற்பச் சூட்டையும் உள்ளே இழுத்து வரும்.

"பனியில என்ன சூடு இருக்கும், இழுக்க? ரேடியேட்டர் மாதிரி வராது," என்றான் முகுந்த்.

ஹீட் பம்ப்புக்கு எஸ்டிமேட் கொடுக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஷாந்தன் பாய்லரை நெருங்கியதும் அவர் இடுப்பிலிருந்த விஷவாயு மீட்டர் கத்தியது.

"கார்பன் மோனாக்சைடு. புகைபோக்கி அடைச்சிருக்கு போல. இதுக்கு மணமே இராது. உங்கட அலாரம் ஏன் அடிக்கேல்ல?"

விஷாகா படிப்பக்கம் திரும்பினாள். "புகைக்கும் இதுக்கும் ஒரே அலாரம். மிளகாய் தாளிச்சா கத்துதுன்னு பேட்டரிய எடுத்துட்டேன்."

"மேல ஆரும் இருக்கினமோ?"

தலைவலி என்று பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தாள் மகள் மானஸா. முகுந்த் படியேறி ஓடினான். கூப்பிட்டும் பதில் இல்லை. அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது குளிர்காற்று பட்டு அவள் லேசாக முனகினாள்.

ஷாந்தன் ஆம்புலன்ஸை அழைத்தார்.

"ஹீட் பம்ப்பே போட்டுடலாம்," என்றான் முகுந்த்.

"இப்ப அது எதுக்கு? அவ கண்ணைத் தொறக்கறாளா பாரு," என்றாள் விஷாகா.