பழைய பட்டறைக் கத்தி

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். மாமனார் கடை கீழே, எங்கள் அறை மேலே. கூடாரம், கயிறு, டார்ச், காட்டுக்குப் போகிறவர்கள் வாங்கும் பெரிய பெரிய கத்திகள், இவைதான் வியாபாரம். நான் அந்தக் கத்திகளுக்குச் சாணை பிடிக்கிறேன், எது உருப்படி எது சொத்தை என்று பார்த்துச் சொல்கிறேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் மாமனார் ஒட்டடைக் கம்பால் கடையின் மேல்தளத்தை, அதாவது எங்கள் அறையின் தரையை, இரண்டு தட்டு தட்டுவார். நான் "வர்றேன் மாமா" என்று இறங்கிவிடுவேன். நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போயிருக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். இவரோ தலைவலி என்றால் ஓடிப்போய் மாத்திரை வாங்கி வருகிறார். என் அளவைக் கேட்காமலே சட்டை எடுத்து வருகிறார், அந்தப் பாழாய்ப்போன சட்டை கச்சிதமாகப் பொருந்தியும் தொலைக்கிறது. தெருவில் எனக்குப் பெயர் 'கடைக்காரர் மாப்பிள்ளை'. சொந்தப் பெயர் ஒன்று இருப்பது வங்கிக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காலியாக இருந்தது. இரண்டு அறை, பின்னால் சாணை இயந்திரம் போட ஒரு கொட்டகை. நானும் என் மனைவியும் இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டுக்காரர் சனிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். முன்பணத்துக்கு எங்களிடம் வழியில்லை. ஆனால் மாமனார் ஒரு வாக்கு கொடுத்திருந்தார்.

"கண்ணாடி அலமாரியில இருக்கே, அந்தப் பழைய பட்டறைக் கத்தி. அது வித்தா அட்வான்ஸ் நான் தர்றேன் மாப்பிள்ளை. தனியா இருந்துதான் பாருங்களேன்" என்பார், சிரித்துக்கொண்டே. சிரிப்புக்குக் காரணம், அதை யாரும் கேட்டு வரவில்லை என்பதுதான். அந்த வாரம் ஒருவர் கேட்டார்.

அந்தக் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் செய்த கம்பெனி ஆற்றங்கரையில் ஒரு பட்டறையில்தான் ஆரம்பித்தது. பிறகு பட்டறையை மூடிவிட்டு, கடல் தாண்டி வேறொரு நாட்டுக்கு மொத்தமாக இடம் பெயர்ந்தது. அதே நீளம், அதே வளைவு, அதே மரப்பிடி. மாறியது ஊரும் எஃகும்தான். பழையது வியர்வைக் கை பட்டாலே துருப்பிடிக்கும் ரகம், புதியது மழையில் கிடந்தாலும் அசையாது. வெட்டுப்படுகிற கிளை எந்த ஊர்க் கத்தி என்று விசாரிப்பதில்லை. உண்மையைச் சொன்னால், காட்டுக்குள் போகிறவனுக்குப் புதியதைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். ஆனால் சேகரிக்கிறவர்கள் காட்டுக்குப் போவதில்லையே. பிடிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊரின் முத்திரை இருந்தால் எட்டு மடங்கு விலை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பட்டறை மூடிய கடைசி வருஷம் புது ஊரிலிருந்து வெறும் தகடுகள் வந்து, பழைய ஊரின் முத்திரையோடு வெளியே போயின. முத்திரை பழசு, எஃகு புதுசு. இதை ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லப்போக, எனக்கு நாணயஸ்தன் என்று பெயர் வந்துவிட்டது. நானாகச் சம்பாதித்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கேட்டு வந்த சேகரிப்பாளர் போனில் என்னைத்தான் கூப்பிடச் சொன்னார். "உங்க மாமனார் சொல்றது இருக்கட்டும் சார். நீங்க சொல்லுங்க, பழைய ஸ்டீல்தானா? கை படாத பீஸா இருந்தா சொன்ன விலைக்கு எடுத்துக்கறேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வர்றேன், அப்ப சொன்னா போதும்."

"இருபது வருஷம் மாப்பிள்ளை, ஒரு பொட்டு துரு இல்ல" என்று மாமனார் மார்தட்டிக்கொள்ளும் கத்தி அது. பழைய எஃகு அப்படிப் பளபளவென்று இருக்குமா? வாராவாரம் எண்ணெய் பூசுகிறார், வாஸ்தவம்தான். ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தானே. தெரியாமல் வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. பொய் என்று தெரிந்தால் கொடுக்கவே முடியாது. வீடும் போய்விடும்.

கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் எளிய வழி ஒன்று இருக்கிறது. எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பிடியை ஒட்டி ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு. மூன்று நிமிஷம். பழைய எஃகாக இருந்தால் கறுக்கும், புதியதாக இருந்தால் சொட்டு சொட்டாகவே நிற்கும். கறுத்தாலும் கடுகளவு புள்ளிதான், பிடியின் நிழலில் கண்ணுக்குத் தெரியாது. நூறு கத்திக்குச் செய்திருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம், துடைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக் கத்தியை மேலே எடுத்துப் போனேன். சோதிக்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. "என் வார்த்தைமேல நம்பிக்கை இல்லையா மாப்பிள்ளை" என்று முகம் வாடிவிடும். என் மனைவி தரையில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். வீடு கிடைத்துவிட்ட மாதிரியே சுற்றினாள்.

ஸ்பிரிட்டில் துணியை நனைத்து எண்ணெயைத் துடைத்தேன். எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி ஒரு சொட்டு விட்டேன். கத்தியைக் கையிலேயே மட்டமாகப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

தரையில் இரண்டு தட்டு விழுந்தது.

கால் தானாக எழுந்துகொண்டது. கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "வர்றேன் மாமா" என்று இறங்கினேன். பிடி மேலே, நுனி கீழே. அப்படித்தான் சாய்த்தேன் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

கண்ணாடி அலமாரியின் பல்பு போய்விட்டதாம். "வர்றவரு நல்ல வெளிச்சத்துல பார்க்கணும்ல, ஸ்டூலப் பிடிங்க" என்றார். பிடித்தேன். புது பல்பு திருகில் ஏறவில்லை. அதைக் கழற்றி வேறொன்று போட்டார். பிறகு, ஏறியதுதான் ஏறினோம் என்று மேல் தட்டைத் துடைத்தார். பிறகு பக்கத்து அலமாரி. மூன்று நிமிஷம் ஆனது எனக்குத் தெரியும். பத்து ஆனதும் தெரியும். மாமா, மேலே ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன். "கெட்டியாப் பிடிங்க மாப்பிள்ளை, உங்கள நம்பித்தான் நிக்கறேன்" என்றார். மூடிக்கொண்டேன்.

அரைமணி கழித்து மேலே போனபோது மனைவி சுவருக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"இது இப்படித்தான் இருக்கணுமா?" என்றாள்.

சொட்டு வழிந்திருந்தது. பிடியிலிருந்து நுனி வரை, முழங்கை நீளத்துக்கு, கருநீலமாக ஒரு கோடு. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம். பழைய எஃகு. அசல். மாமனார் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்குப் பிறகுதான் உயிரே போயிற்று. பட்டறையில் தேய்த்த மெல்லிய கோடுகள் அந்த எஃகின்மேல் அப்படியே இருந்தன. கறையைத் தேய்த்து எடுத்தால் அவையும் போகும். பாலிஷ் போட்ட கத்தியைச் சேகரிப்பாளர்கள் கையால் தொடமாட்டார்கள்.

கத்தியை உறையில் போட்டுக் கீழே கொண்டுபோய் வைத்தேன். நாலு மணிக்கு மிகச்சரியாகச் சேகரிப்பாளர் வந்தார். மாமனார் அவருக்கு நாற்காலி போட்டு, உறையோடு கத்தியை எடுத்து நீட்டினார். உறையிலிருந்து உருவும் அந்த ஒரு நொடியில் நான் சொல்லிவிட்டேன்.

"நான்தான் எலுமிச்சை விட்டேன். பாதியில எழுந்து வந்துட்டேன். வழிஞ்சிடுச்சு."

மாமனார் கத்தியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். வந்தவர் பூதக்கண்ணாடியை வைத்துக் கோட்டை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"அசல்தான். இதைவிடச் சாட்சி வேண்டாம்" என்றார். "ஆனா நான் தேடினது கை படாத பீஸ் சார். கறை உள்ளது எங்கிட்டயே மூணு இருக்கு. மூணுல ஒரு பங்கு தரலாம்."

மூன்றில் ஒரு பங்கு. முன்பணத்துக்கு அது போதும் என்று மனசுக்குள் கணக்கு ஓடிவிட்டது.

"குடுத்துடலாம் மாமா" என்றேன். அவரிடம் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது.

"இந்தக் கத்தியவா? அந்த விலைக்கா?" என்றார் மாமனார். அதை வாங்கி, கறை படாத பக்கம் தெரியும்படி மடியில் வைத்துக்கொண்டார். "அசல்னு ஆயிடுச்சு. இனிமே எதுக்கு விக்கணும்? இங்கயே இருக்கட்டும்."

வந்தவர் போன பிறகு திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். அவரோ என் தோளில் கை வைத்தார். "விடுங்க மாப்பிள்ளை. ஒரு கறைதான? வீடு எங்க ஓடிப் போகுது, பார்த்துக்கலாம். இங்க உங்களுக்கு என்ன குறைச்சல்?" அவர் முகத்தில் வருத்தம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், துளிகூட இல்லை.

பிறகு ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்குமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆற்றங்கரைப் பட்டறை. பழைய எஃகு. சோதித்து உறுதி செய்யப்பட்டது. விற்பனைக்கு அல்ல. புது பல்பு வெளிச்சத்தில் அட்டை பளிச்சென்று தெரிந்தது.

மேலே மனைவி டம்ளர்களைப் பிரித்து மறுபடி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மீந்த அரை எலுமிச்சம்பழம் ஜன்னலோரம் காய்ந்து கிடந்தது. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"நீங்க சோதிச்சுப் பார்த்தது தப்பே இல்லைங்க" என்றாள். "அப்பா தட்டினாரே, அப்ப 'அஞ்சு நிமிஷம் மாமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை."

அவள் சொன்னது சரி. அவர் என்னைப் பூட்டியா வைத்திருக்கிறார், குறை சொல்ல? நாளைக்கே சொல்லிவிட வேண்டும், எதையாவது, சின்னதாக, அஞ்சு நிமிஷம் மாமா என்றாவது சொல்லிப் பழக வேண்டும் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

தரையில் இரண்டு தட்டு விழுந்தது.

"வர்றேன் மாமா" என்றேன்.