எறும்புக்கு ஏணி வைத்தவர்

என் கணவருக்குப் பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனியில் வேலை. நான் பால்கனியில் வளர்ப்பது பூச்சி தின்னும் செடிகள். இப்படியொரு வீட்டுப் பக்கம் எந்த ஈயும் தலைவைத்துப் படுக்காது என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் ஈக்களுக்கும் எங்கள் வீட்டில் ஒரு ஆள் இருந்தார். என் மாமனார்.

அது பிறகுதான் தெரிந்தது. முதலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் செல்லச் செடி செத்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும்தான்.

விதை போட்டு வளர்த்த செடி. சதுப்பு நிலத்துக்காரி. நல்ல மண்ணில் வைத்தால் செத்துவிடுவாள், உரம் போட்டால் செத்துவிடுவாள், குழாய்த் தண்ணீர் ஊற்றினாலும் செத்துவிடுவாள். மழைத் தண்ணீர்தான் வேண்டும் மகாராணிக்கு. வாளி வாளியாகப் பிடித்து வைத்து, தட்டில் ஊற்றி, அதில் தொட்டியை நிற்க வைப்பேன். ஒவ்வொரு இலை நுனியிலும் சிவப்பாக ஒரு வாய், ஓரமெல்லாம் பல். ஈ வந்து உட்கார்ந்து உள்ளே இருக்கும் முடியைத் தொட்டால் டக்கென்று மூடிக்கொள்ளும். அந்த வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்து வாடின.

"நீங்கதான் மருந்துக் கையோட தொட்டிருப்பீங்க" என்று கணவர் மேல் எரிந்து விழுந்தேன்.

"நான் அந்தப் பக்கமே போறதில்ல. அதுங்க வேற கம்பெனி, நான் வேற கம்பெனி" என்றார் அவர். அந்தப் பதிலுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டித் தருகிறவள். ஒரு நாள் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். பால்கனியில் மாமா குனிந்து நின்றிருந்தார். கையில் பல்குத்தும் குச்சி. மூடிக்கிடந்த ஒரு வாயைப் பிரசவம் பார்ப்பதுபோல் மெல்ல நெம்பிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்த ஈ தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது.

"போ, போ. இனிமே இந்தப் பக்கம் வராத" என்று அதற்குப் புத்தி வேறு சொன்னார்.

அப்போதுதான் பக்கத்திலிருந்த குடுவைச் செடிகளையும் பார்த்தேன். எறும்பு வழுக்கி விழும் ஒவ்வொரு குடுவைக்குள்ளும் ஒரு குச்சி சாய்த்து வைத்திருந்தது. விழுந்தது ஏறி வர ஏணியாம்!

வந்த கோபத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை.

"மாமா! என்ன பண்றீங்க?"

திருதிருவென்று விழித்தார். "உன் வீட்டுக்காரன் ஊரெல்லாம் போய்க் கொல்றான். அது அவன் பொழப்பு, நான் ஒண்ணும் சொல்லல. வீட்லயாவது ரெண்டு பொழச்சுப் போகட்டுமேன்னுதாம்மா..."

"ஒரு வாய் மொத்தமே நாலஞ்சு தடவைதான் மாமா மூடித் தொறக்கும். ஒவ்வொரு தடவையும் இருக்கற தெம்பையெல்லாம் கூட்டி மூடுது. நீங்க வாயில போட்டதைப் பிடுங்கிடறீங்க. அது எப்படிப் பொழைக்கும்?"

மாமா குச்சியைக் கீழே வைத்தார். "அப்ப இதைக் கொன்னுகிட்டு இருக்கறது நானா?"

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கும் அழுகை முட்டியது, பாதி செடிக்காக, பாதி அவருக்காக.

கறுத்ததையெல்லாம் வெட்டி எறிந்தேன். நடுவில் ஒரே ஒரு குருத்து மிஞ்சியது. அது விரிந்து நிலைத்தால் செடி பிழைக்கும், அதையும் நெம்பினால் அவ்வளவுதான் என்று மாமாவிடம் பட்டென்று சொல்லிவிட்டேன்.

"குச்சியை இனிமே தொட மாட்டேன்" என்றார். "ஆனா ஈயை விரட்டலாமில்ல?"

"தாராளமா விரட்டுங்க. வெயில் பட்டா கொஞ்ச நாளைக்கு அதுவே சமாளிச்சுக்கும்."

மறுநாளே பால்கனியில் நாற்காலி போட்டு, பழைய பேப்பரை விசிறியாக மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஈ வந்தால் விரட்டுவார். தட்டில் தண்ணீர் குறைந்தால் வாளியிலிருந்து மொண்டு ஊற்றுவார். "அப்பா நம்ம தொழிலுக்கே வந்துட்டார், மருந்து மட்டும்தான் பாக்கி" என்றார் கணவர். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மகனுடைய வேலையைப் பற்றிப் பேச்சு வந்து அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

குருத்து விரிந்தது. சின்னதாக, சிவப்பாக, ஒரே ஒரு வாய்.

அதற்கப்புறம் ஒரு மதியம், கடையில் இருந்தபோது மாமா போன் செய்தார். பின்னால் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, இவ்வளவு சத்தம்?"

"தண்ணி குடிக்க உள்ள வந்தேம்மா. அதுக்குள்ள ஒண்ணு போய் உட்கார்ந்துடுச்சு. மூடிக்கிச்சு."

கையிலிருந்த பிரேமைக் கீழே வைத்தேன். "தொறந்துட்டீங்களா?"

"கிட்டப் போனேன். உள்ள ரெக்கை அடிச்சுக்குது. கை பரபரங்குது. அப்புறம் செடியைப் பார்த்தேம்மா. பாவம், எத்தனை நாள் பட்டினி... தொறக்கல. அந்தச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் ரேடியோவைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்."

"வேற ஒண்ணும் பண்ணலையே மாமா?"

"நல்லாத் திட்டினேன்."

"செடியையா?"

"ஈயை! நாள் பூரா கை வலிக்க விசிறி விசிறிச் சொல்றேன், கேட்டாத்தானே! நீ சீக்கிரம் வாம்மா. அது சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நான் ரேடியோவை நிறுத்தப் போறதில்ல."

அது சாப்பிட்டு முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதை அவரிடம் யார் சொல்வது?