கொடும்பாவிக்குக் கொள்ளி வைத்தவர்

கொடும்பாவி கட்ட வைக்கோல் வேண்டும் என்று இளவட்டங்கள் வந்து நின்றபோது, அய்யம்பெருமாள் தன் போரிலிருந்து இரண்டு கட்டு உருவி, தானே சுமந்துகொண்டு போய் மாரியம்மன் கோயில் வாசலில் போட்டார். ஐப்பசி பிறந்து பாதியும் போய்விட்டது. வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி கிடந்தது. முழங்கால் உயரம் வந்திருந்த மக்காச்சோளம் சுருண்டு சாயத் தொடங்கியிருந்தது. இப்படி மழை பொய்த்தால் ஊருக்குள் யாரோ பெரும்பாவம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பாவிக்கு வைக்கோலில் உருவம் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் ஏரிக்குக் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். பாவி ஒழிந்தான் என்று தெரிந்தால் மேகம் திரும்பி வருமாம். கொள்ளி வைக்கிற பொறுப்பு அய்யம்பெருமாள் வகையறாவில் மூத்த ஆம்பளைக்கு உரியது. அதனால் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

உருவம் எழும்ப எழும்பத்தான் அவர் அதைக் கவனித்தார். வழக்கமாக வேட்டி கட்டிவிட்டுக் கரியால் மீசை போடுவார்கள். இந்தத் தடவை ஒரு பழைய சீலையைச் சுற்றினார்கள். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்டு முடித்துவிட்டு வந்திருந்த கலையரசன், அட்டையில் மூன்று இறக்கை வெட்டிப் பொம்மையின் தலைக்கு மேல் குச்சியில் குத்திவைத்தான். நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இது யாருப்பா?" என்று அய்யம்பெருமாள் தெரியாதவர் போலக் கேட்டார்.

"நம்ம காத்தாடியம்மாதான் பெரியப்பா. மழைய வெரட்டுனவங்களுக்குத்தானே கொடும்பாவி? நீங்க சொன்னதுதான்."

காத்தாடியம்மா என்று ஊர் பெயர் வைத்திருந்தது சிந்தாமணிக்கு. அய்யம்பெருமாளின் சித்தப்பா மகன் செல்லப்பனின் மனைவி அவள். செல்லப்பன் போய்ச்சேர்ந்த பிறகு தனியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டு, வேலையற்ற நாட்களில் பெரம்பலூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய் வந்தாள். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டதோடு அதுவும் நின்றது. ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற மேட்டில் அவள் காடும் அய்யம்பெருமாள் காடும் அடுத்தடுத்துக் கிடந்தன. காற்றாலை நட இடம் தேடி ஒரு கம்பெனிக்காரர் வந்தபோது முதலில் குச்சி ஊன்றியது அய்யம்பெருமாளின் காட்டில்தான். அந்த நாட்களில் அவர் பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். வந்தவருக்குக் கோழி அடித்துச் சோறு போட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, "கரி எரிக்க வேணாம், பொகை இல்ல, தூசி இல்ல. சும்மா போற காத்தப் புடிச்சி கரண்டாக்குறான். இதவிட என்னாய்யா வேணும்?" என்று பிரசங்கமே செய்தார். நீளநீள இறக்கைகளை ஏற்றிவரும் லாரி தன் காட்டுக்குள் நுழைய சிந்தாமணியின் காட்டோரம் பாதை வேண்டியிருந்தது. அதைக் கேட்க அவள் வீட்டுக்குப் போனதும் அவர்தான்.

"பாதை வுடறதுல ஒண்ணுமில்ல மாமா. ஆனா அது சுத்துனா மேகம் கலைஞ்சிபோயிரும், மழை வராதுன்னு பருத்தி எடுக்கையில பேசிக்கிறாங்க. அது நெசமா?" என்று கேட்டாள் அவள்.

அவர் சிரித்தார். "அட போம்மா. மேகம் எந்த ஒசரத்துல போவுது, இது எந்த ஒசரத்துல சுத்துது? மழைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் சொல்றேன், நம்பு."

அவள் நம்பினாள். பாதையும் விட்டாள்.

அறுவடைக்குப் பிறகு மறுபடி அளக்க வந்தவர்கள், அய்யம்பெருமாளின் காட்டு மேலே மின்கம்பி போகிறது, அதனால் சரிப்படாது என்று சொல்லி, குச்சியைப் பிடுங்கி அடுத்த காட்டில் ஊன்றினார்கள். குத்தகைப் பணம் வருஷாவருஷம் சிந்தாமணிக்கு வரும் என்று ஆயிற்று. அய்யம்பெருமாள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் யாரோ இதைப் பற்றிக் கேட்டபோது, "சுத்த ஆரம்பிக்கட்டும் பாரு. மேகமெல்லாம் கலைஞ்சி கடலுக்கே ஓடிரும். அப்பறம் சோளம் எங்க, பருத்தி எங்க?" என்றார். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார். மீதிப் பாதி வயிற்றெரிச்சல். அவள் தன்னிடம் வெள்ளந்தியாகக் கேட்ட சந்தேகத்தையே எடுத்து, அவளுக்கு எதிராக வீசியிருக்கிறோம் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்கு உறைத்தது. உறைத்தும் திரும்பிப் போகவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இவர் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

பேச்சு வளர்ந்தது. கலையரசன் செல்போனில் ஒரு வீடியோ வைத்திருந்தான். அதில் யாரோ ஒருவர் கோட் போட்டுக்கொண்டு அதையே சொன்னார். புரட்டாசியில் மழை ஏமாற்றியதும் சந்தேகம் இருந்தவர்களுக்கும் தீர்ந்துபோனது. சிந்தாமணி காட்டில் அஸ்திவாரத்துக்குக் குழிதான் தோண்டியிருந்தார்கள். வெறும் குழிக்கே பயந்து ஓடிய மழை எவ்வளவு பயந்தாங்கொள்ளி மழையாக இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவள் காட்டில் களை எடுக்க ஆள் வரவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். கம்பெனி லாரியை ஊர் முகப்பிலேயே மறித்துத் திருப்பி அனுப்பியாயிற்று. இனி விடுவதா வேண்டாமா என்று கொடும்பாவி கொளுத்திய மறுநாள் ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்ய இருந்தார்கள். வேண்டாம் என்று முடிவானால் குத்தகைப் பணமும் போய், இடுப்பு ஒடிந்தவள் மறுபடி சாரம் ஏற வேண்டியதுதான்.

கொடும்பாவி கட்டுகிற அன்று காலை அவர் மனைவி பாக்யலட்சுமி கஞ்சியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். "கொள்ளி வைக்கிற எடத்துல ஊரே கூடியிருக்கும். அங்கயாச்சும் வாயத் தொறங்க. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். அவர் கஞ்சியைக் குடித்தார். சொல்லிவிடுவது என்று குடித்து முடிப்பதற்குள் தீர்மானித்திருந்தார். அந்தத் தீர்மானத்தின் தெம்பில்தான் வைக்கோலைத் தானே சுமந்தார்.

மத்தியானம் தாண்டி மேளத்தோடு கிளம்பினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பொம்மையை நிறுத்த, வீட்டுப் பெண் ஒரு குடம் தண்ணீரை அதன் மேல் ஊற்றி, கொஞ்சம் தானியத்தைச் சாக்கில் போட்டுவிட்டு, ஒப்பாரிக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒரு பெண் அழுதால்தான் சாவு சாவாகும். ஒப்பாரிக்குத் தலைமை பாப்பாத்தி. எந்தச் சாவு வீட்டுக்கும் அவள் குரல் முதலில் போய்விடும். கொள்ளிக்காரர் என்பதால் அய்யம்பெருமாள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெருப்புச் சட்டியோடு பொம்மைக்கு முன்னால் நடந்தார். தெருக்கள் குறையக் குறைய அவருக்குச் சிந்தாமணியின் வீடு மட்டும்தான் நினைப்பாக இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று வேண்டிக்கொண்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. அவள் குடத்தோடு வாசலிலேயே நின்றாள். பொம்மையின் சீலையைப் பார்த்தாள், அட்டை இறக்கைகளைப் பார்த்தாள். அவள் என்ன செய்வாள் என்று பார்க்க மேளக்காரர்கள்கூட அடியைக் குறைத்தார்கள். எல்லா வீட்டுப் பெண்களையும் போலவே அவள் தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக ஊற்றினாள். பிறகு வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அய்யம்பெருமாள் பக்கம் திரும்பினாள்.

"மாமா, பாதை கேட்டு வந்தப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்க. அத இவங்க முன்னாடி ஒரு தடவ சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

தெரு முழுவதும் அவரைப் பார்த்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. காலையிலிருந்து பத்து தடவையாவது மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். ஆனால் எதிரே வார்டு மெம்பர் வேணுகோபால் நின்றான், கலையரசன் நின்றான், தன்னைப் பெரியப்பா என்றும் அண்ணே என்றும் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். அவர் நெருப்புச் சட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல சடங்கு முடியட்டும்மா. அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

"சரிங்க மாமா" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

உள்ளே போய் ஒரு முறம் மக்காச்சோளம் கொண்டுவந்து சாக்கில் கொட்டினாள். கதவைச் சாத்திவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி பெண்கள் கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள். தோளோடு தோள் கோத்து அழுகிற பழக்கத்தில் பாப்பாத்தி அவள் கழுத்திலும் கையைப் போட்டுவிட்டு, யார் என்று பார்த்ததும் திடுக்கிட்டாள். போட்ட கையை எடுக்கவும் முடியாமல் அப்படியே விட்டுவிட்டாள். ஒவ்வொருத்தியாக அடி எடுத்துக் கொடுத்துப் பாடி வந்தார்கள். முறை வந்தபோது சிந்தாமணியும் பாடினாள்.

பாதை கேட்டு வந்தவரே, பதில்சொல்லிப் போனவரே,
வாயி தொறக்காம வைக்கோலு வேகுதய்யா.

பாட்டுக்குப் பாட்டு என்று பெண்கள் அதை வாங்கித் திருப்பிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டார்கள். என்ன அர்த்தம் என்று எவளும் கேட்கவில்லை. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் தன்னைப் பெயர் சொல்லாமல் பாடிக்கொண்டு பின்னால் வருவதை முன்னால் நடந்த ஒரே ஒரு ஆள் அறிந்திருந்தார். ஏரி வரைக்கும் அந்த இரண்டு அடிதான் பாட்டு.

ஏரி வெடித்துக் கிடந்தது. பொம்மையை நடுவில் கிடத்தினார்கள். வேணுகோபால், "ம், வைங்கண்ணே" என்றான்.

அய்யம்பெருமாள் சட்டியைக் கீழே வைத்தார். "கொஞ்சம் நில்லுங்கப்பா. நான் ஒண்ணு சொல்லணும்." செருமிவிட்டுத் தொடர்ந்தார். "இந்தக் காத்தாடிப் பேச்சக் கெளப்புனது நான்தான். எங்காட்டுல வரும்னு இருந்தவரைக்கும் நல்லதுன்னு சொன்னேன். அவ காட்டுக்குப் போனதும் வயித்தெரிச்சல்ல அப்பிடிச் சொல்லிட்டேன். அது பொய். மழைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. தப்பு என்னுது."

தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது போல அவர் மூச்சு விட்டார். அப்புறம் வேணுகோபால் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா? பங்காளி பொண்டாட்டி ஊருக்கு முன்னாடி தலகுனிஞ்சி நிக்கக் கூடாதுன்னு, பழியத் தந்தலையில போட்டுக்கிறாரு. யாருக்குய்யா வரும் இந்த மனசு?"

"இல்லப்பா வேணு, நெசமாத்தான் சொல்றேன்."

"நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா பெரியப்பா?" என்று கலையரசன் பொறுமையாகச் சொன்னான். "வீடியோவே இருக்கு. மழையும் வரல. நீங்க கொள்ளிய வைங்க, பொழுது போவுது."

அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். பாக்யலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிந்தாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொல்லலாம், கத்திச் சொல்லலாம், சட்டியை உடைத்துவிட்டுப் போகலாம் என்று என்னென்னவோ தோன்றியது. மேளம் மறுபடி அடிக்க ஆரம்பித்துவிட்டது. யாரோ சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். கை அதை வாங்கிக்கொண்டது. குனிந்து வைத்ததும் அவர்தான். நனைந்த வைக்கோல் முதலில் புகைந்து, பிறகு பிடித்துக்கொண்டது.

கொள்ளி வைத்தவர் தெற்கே பார்த்து நிற்க வேண்டும். வந்தவர்கள் வரிசையாக வந்து அவர் நீட்டிய கைகளைத் தொட்டுத் துக்கம் தெரிவித்துவிட்டுப் போவார்கள். பொய்ச் சாவுக்கும் அந்த முறை உண்டு. வழக்கமாக இதைச் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் செய்வார்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. வேணுகோபால் அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கலையரசன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தொட்டான். ஒவ்வொருவரும் கொஞ்சம் அழுத்தியே தொட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தொடலுக்கும் அய்யம்பெருமாளுக்கு உடம்பு கூசியது. கைகளை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

பெண்கள் இந்த வரிசைக்கு வருவதில்லை. காலைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிந்தாமணி மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவராக நகர, அவள் முறை வந்தது. அவர் கைகள் நீட்டியபடியே இருந்தன. இத்தனை பேர் தொட்டதில் உள்ளங்கையெல்லாம் சாம்பலும் வேர்வையுமாக இருந்தது. அவள் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கைகளைச் சீலைக்குள் வைத்திருந்தாள்.

"நகரும்மா" என்றார் பின்னால் இருந்தவர்.

அவள் நகரவில்லை. அவரும் கைகளை இறக்கவில்லை.